ஏழு சீரில் ஆறு முறை



அல்சூர் ஏரிக்கரையை அடுத்துத் திருவள்ளுவர் சிலை ஒன்று இருப்பதைப் பெங்களூருக்கு வந்து சென்றவர்கள் அறிவார்கள். 1991-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அச்சிலை, பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியபடியே நின்றது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாளன்றுதான் அதன் முகத்தை மக்கள் கண்டார்கள். நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. ஒருவர் இரண்டடியில் பாடியவர்; மற்றவர் மூன்றடியில் பாடியவர். இந்நாட்டில் நீண்ட காவியம் பாடிய கவிஞர் பலர் இருக்க, ஊர் மாறிச் சென்று குடியேறும் வாய்ப்பு இவ்விரு சிறு பாட்டுக்காரருக்கே கிட்டியது.

சிலைகளைப் பற்றிப் பேச நாம் வரவில்லை. அந்தச் சிலையின் அருகே ஒரு ஞாயிறு மாலை நம்மிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

கேட்டவள் அண்டை வீட்டுச் சிறுமி. ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் அவளுக்கு முதன்மொழி கன்னடம். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. ஞாயிறுதோறும் நம்மிடம் வந்து தமிழ் எழுத்துக் கற்றுக்கொள்கிறாள். அவளுடைய பாட்டி வாய்மொழியாகவே சில குறள்களைச் சொல்லி வைத்திருக்கிறார். அவற்றை அவள் கன்னட எழுத்தில் ஒரு சிறு புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அன்று அவள் புரட்டிய பக்கத்தில் இருந்தது துறவு என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், எண் 350. அதைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: “ஏன் மாமா, ஒரே சொல்லை இத்தனை தடவை சொல்லுகிறாரே, அவருக்கு வேறு சொல் கிடைக்கவில்லையா? கட்டுரையில் நாங்கள் ஒரு சொல்லை இரண்டு முறை எழுதினாலே டீச்சர் சிவப்பு மையால் கோடு போடுகிறார்.”

நாம் உடனே, “அதற்குப் பின்வருநிலையணி என்று பெயர்” என்றோம்.

“பெயர் சரி மாமா. ஏன் அப்படிச் சொன்னார்?”

இதற்கு நம்மிடம் விடை இல்லை. கலைப் பட்டம் பெற்றவர்கள் நாம். அணியின் பெயர் தெரியும், அணி எதற்கு என்பதை நினைத்துப் பார்த்ததில்லை. பெயரைச் சொல்லி வாயடைத்துவிட்டால் அடுத்த ஞாயிறு அவள் வரமாட்டாள் என்ற அச்சமும் இருந்தது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் இந்தப் பேச்சைக் கேட்கும் பெற்றோருக்கு அந்த அச்சம் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. வெளிமாநிலத்துப் பிள்ளைக்குத் தமிழ் ஒரு கடமையன்று, விருப்பம் மட்டுமே. விருப்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அற்றுப்போகக் கூடியது.

ஆகவே அடுத்த ஞாயிறு வருவதற்குள் அந்த ஒரே குறளை எடுத்துவைத்துக்கொண்டு அலகிட்டுப் பார்த்தோம். கண்டதை அவளுக்குச் சொன்னோம். அதையே நேயர்களுக்கும் சொல்லுகிறோம். குறளை நாம் இங்கே ஓதிக் காட்டப்போவதில்லை. நம் குரலில் கேட்பதைவிட உங்கள் வாயால் நீங்களே ஓதுவது இந்த ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. ஏன் என்பது பின்னர் விளங்கும். நினைவில் இல்லாதவர்கள் நூலை எடுத்து 350-ஆம் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அளவைக் கவனிப்போம். குறள் வெண்பா என்பது இரண்டடி. முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர், ஆக ஏழு. புலவனுடைய கையில் ஏழே காசு. நூறு வரி பாடுகிறவன் ஒரு சொல்லை ஆறு முறை சொன்னால் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். ஏழு காசு உள்ளவன் ஆறு காசையும் ஒரே கடையில் கொடுத்தால், என்ன வாங்கினான் என்று கேட்கத்தான் வேண்டும். இக்குறளில் ‘பற்று’ என்னும் சொல் ஏதேனும் ஒரு வடிவத்தில் ஆறு சீர்களில் வருகிறது. அச்சொல் இல்லாத சீர் ஒன்றே ஒன்று. அது கடைசிச் சீர். அக்கடைசிச் சீர் ‘விடு’ என்னும் வினையிலிருந்து பிறந்தது.

ஆறு சீர் பற்றுகிறது; ஏழாம் சீர் விடுகிறது. பொருள் சொல்லத் தொடங்கும் முன்னரே பாட்டின் உருவம் அதைச் செய்துகாட்டி விடுகிறது.

‘கூறியது கூறல்’ நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் ஒன்று என்று நன்னூலார் விதித்திருக்கிறார். ஆசிரியையின் சிவப்பு மைக்கு அதுவே ஆதாரம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கூறியதையே கூறுவது எப்போது குற்றம்? இரண்டாம் முறை கூறும்போது புதிதாக ஒன்றும் சேராதபோதுதான். ஆறு முறை வந்த இச்சொல் ஆறு வேலை செய்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

முதற்சீர் ஏவுகிறது, பற்றிக்கொள் என்னும் வினை அது. இரண்டாம் சீர் ஒருவனைக் குறிக்கிறது. பற்று இல்லாதவன் என்று எதிர்மறையால் அவனுக்குப் பெயரிடுகிறது. மூன்றாம் சீர் அவனைச் சேர்ந்த பற்றைச் சொல்லுகிறது. இங்கே அச்சொல் வினையன்று, பெயர். நான்காம் சீர் அதே பெயரைச் சுட்டெழுத்தோடு திரும்பச் சொல்லுகிறது. ஐந்தாம் சீர், முதற்சீரின் ஏவலை ஓர் எழுத்தும் மாறாமல் மீண்டும் சொல்லுகிறது. ஆறாம் சீரில் வரும் பற்றோ முன் வந்த பற்று அன்று. நம்மைப் பிணித்திருக்கும் பற்று. எனவே ஒரு சொல் ஏவலாயிற்று, இன்மையாயிற்று, வழியாயிற்று, கடைசியில் நோயும் ஆயிற்று. பரிமேலழகர் முன்னதை இறைவன் ஓதிய வீட்டு நெறி என்று விரிக்கிறார். பின்னதை நம்மை விடாது தொடரும் பற்று என்று பிரிக்கிறார். உரைகாரர் பிரிக்க வேண்டியிருந்தது என்பதே, புலவர் வேண்டுமென்று பிரிக்காமல் வைத்தார் என்பதற்குச் சான்று.

நான்காம் சீரில் உள்ள சுட்டெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்கிறோம். சட்ட வாசகங்களை மொழிபெயர்க்கும்போது முதலில் கற்றுக்கொள்ளும் பாடம், ஒரு பொருளுக்கு ஒரு சொல்லை வைத்தால் கடைசிப் பக்கம் வரை அதே சொல்லை வைக்க வேண்டும் என்பது. அழகுக்காகச் சொல்லை மாற்றினால், மாறிய சொல் வேறு பொருளையோ என்ற ஐயம் பிறக்கும். அதனால்தான் பத்திரங்களில் ‘மேற்படி’ என்ற சொல் ஓயாமல் வருகிறது. வள்ளுவருடைய நான்காம் சீரில் உள்ள ‘அ’ இந்த ‘மேற்படி’யின் வேலையைத்தான் செய்கிறது. மேற்படி பற்று, வேறு எந்தப் பற்றும் அன்று! பத்திர எழுத்தருக்கும் பெருங்கவிஞருக்கும் இந்த ஓர் இடத்தில் ஒரே தேவை. இதைச் சிறுமியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. நாம் மட்டும் சிரித்தோம்.

இனி ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டீச்சரின் விதிப்படி சொற்களை மாற்றி வைப்போம். ‘ஆசை இல்லாதவனிடத்தில் அன்பு கொள், அந்த ஈடுபாட்டைப் பிடித்துக்கொள், பந்தம் நீங்கும்.’ இவ்வாறு அவளே தன் புத்தகத்தில் எழுதினாள். தவறு ஒன்றும் இல்லை. கட்டுரைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் என்ன ஆயிற்று? ஆசை ஒன்று, அன்பு வேறொன்று, ஈடுபாடு மற்றொன்று, பந்தம் நான்காவது. நான்கு சொல் வந்தவுடன் நான்கு பொருள் வந்துவிட்டன. தீயதை விட்டு நல்லதைக் கொள் என்ற எளிய அறிவுரையாக அது சுருங்கிவிட்டது. வள்ளுவர் சொன்னதோ அதைவிடக் கடினமானது. உன்னைக் கட்டுவதும் உன் கைதான், உன்னை அவிழ்ப்பதும் அதே கைதான். பற்றும் ஆற்றல் ஒன்றே, பற்றப்படுவதுதான் மாறுகிறது என்கிறார் அவர். இந்தக் கருத்தை இரண்டு சொல்லால் சொல்லவே முடியாது. சொல் ஒன்றாக இருப்பதே இங்கே வாதம். சொல்லை மாற்றினால் அழகு குறைவதோடு நிற்பதில்லை, கருத்தும் போய்விடுகிறது.

அணிநூலார் ஒரே சொல் வேறு பொருளில் வந்தால் சொற்பின்வருநிலை என்றும், அதே பொருளில் வந்தால் சொற்பொருட்பின்வருநிலை என்றும் பிரிப்பார்கள். இக்குறள் எந்த வகை என்று தேர்வில் கேட்டால் ஏதேனும் ஒன்றை எழுதித்தான் ஆகவேண்டும். நம் கருத்தைக் கேட்டால், இரண்டில் எது என்று முடிவுகட்ட விடாமல் வைத்திருப்பதே இப்பாட்டின் வலிமை என்போம். திரும்பத் திரும்ப ஒரு சொல் வருவதெல்லாம் சிறப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. பிற்காலத்து மடக்குப் பாட்டுக்களிலும் சித்திர கவிகளிலும் சொல் விளையாட்டுக்கென்றே சொல் திரும்பி வருவதைக் காணலாம். அவற்றில் புலவருடைய திறமை தெரிகிறது, நாம் வியக்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம்.

இப்போது யாப்புக்கு வருவோம். சிறுமி இந்த இடத்தில் நம்மை வியப்பில் ஆழ்த்தினாள். கன்னடப் பாடத்தில் லகு, குரு என்று எழுத்துக்களை அளந்து பிரஸ்தாரம் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஆதலால் செய்யுளை அளக்கலாம் என்ற எண்ணமே அவளுக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் யாப்பு என்றதும் அஞ்சுவதைக் கண்டிருக்கிறோம். இவளோ பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரே ஓர் இடத்தில்தான் தடுமாறினாள். கன்னடக் கணக்கில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியே குறி உண்டு. தமிழில் குறில் ஒன்று தன்னை அடுத்து வரும் உயிர்மெய்யைத் துணைக்கு இழுத்துக்கொண்டு நிரையசையாகிவிடும். துணை இழுக்காமல் தனியே நிற்பது, ஒற்றோடு வந்தாலும் வராவிட்டாலும், நேரசை. ‘கல்’ என்பது நேர். ‘சிலை’ என்பது நிரை. மேசையில் விரலால் தட்டிக் காட்டினோம்: நேருக்கு ஒரு தட்டு, நிரைக்குத் தாவி விழும் இரட்டைத் தட்டு.

‘அல்சூர்’ என்று அவள் தட்டினாள். நேர் நேர், தேமா. ‘சிலை’ நிரை. தேமாவுக்குப் பின் நிரை வருவது வெண்பாவுக்கு உகந்த தளையாதலால் ‘அல்சூர்ச் சிலை’ என்று ஒரு வெண்பாவை முடிக்கலாம் என்று சொன்னோம். ‘ஏரிக்கரை’ என்று அவள் அடுத்துக் கேட்டாள். நேர் நேர் நிரை, தேமாங்கனி. கனிச்சீர் வெண்பாவுக்குள் நுழையாது. சிலை உள்ளே வரலாம், ஏரிக்கரை வெளியே நிற்க வேண்டும் என்றதும் அவளுக்கு அது பெரிய அநீதியாகத் தோன்றிற்று.

பின்பு குறளைத் தட்டினோம். முதற்சீர் நேரில் தொடங்குகிறது. இரண்டாவது நேர். மூன்றாவது நேர். சுட்டெழுத்தோடு வரும் நான்காவதும் நேரே. ஐந்தும் ஆறும் நேர். ஏழாம் சீர், ‘விடற்கு’ என்பது, நிரையில் தொடங்குகிறது. ஒரே மாதிரியாக ஆறு முறை விழுந்த தட்டு ஏழாம் முறை தாவுகிறது. அவள் கை நின்றுவிட்டது. “மாமா, இங்கே மட்டும் மாறுகிறது” என்றாள்.

இதை வள்ளுவர் எண்ணிச் செய்தாரா என்று கேட்பவர்கள் உண்டு. யாப்பு விதி கட்டாயப்படுத்துவது எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்த்துவிடலாம். ஆறாம் சீர் மாச்சீராக இருந்தால் ஏழாம் சீர் நிரையில் தொடங்கியாக வேண்டும். அது வெண்டளை விதி. இங்கே ஆறாம் சீர் தேமா. எனவே ஏழாவது நிரை. அவ்வளவுதான் விதி. முதல் ஆறு சீரும் நேரில் தொடங்க வேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. விளச்சீரும் காய்ச்சீரும் மாறி மாறி நிற்க, அவற்றின்முன் நேரே வரவேண்டிய வகையில் சொற்கள் அமைந்து, ‘பற்று’ என்ற சொல்லின் முதலசை அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் பொருந்துகிறது. சொல் திரும்பி வருவதால் ஓசை ஒருபடித்தாகிறது. ஒருபடித்தான ஓசையை விதி கடைசியில் உடைக்கிறது. உடைபடும் இடத்தில் ‘விடு’ என்ற சொல் நிற்கிறது. எண்ணிச் செய்ததோ, பழகிய செவி தானே செய்ததோ, நமக்குக் கிடைத்திருப்பது இது.

ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாட்டுள் ஒன்றாக முடியவேண்டும் என்பது நேயர்கள் அறிந்ததே. ‘விடற்கு’ என்பது ‘பிறப்பு’ என்னும் வாய்பாடு. பற்றை விடச் சொல்லும் பாட்டு, அலகிடுவோர் வாயில் ‘பிறப்பு’ என்று முடிகிறது! இதில் தத்துவம் ஏதும் இல்லை; வாய்பாட்டின் பெயர் தற்செயலாகப் பொருந்திற்று. ஆயினும் நாம் இதைக் கண்டு ஒரு மாலைப்பொழுது மகிழ்ந்திருந்தோம் என்பதை மறைப்பானேன்?

எதுகையையும் சொல்லிவிடுகிறோம். இரண்டடிகளின் முதற்சீர்களில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகைக்குப் போதும். இங்கே சீர் முழுவதும் ஒன்றுகிறது. வேறொரு பாட்டில் இது வறுமையாகத் தோன்றும்.

இனி, உங்கள் வாயால் ஓதுங்கள் என்று ஏன் சொன்னோம் என்பதற்கு வருவோம். ‘ப’ என்னும் எழுத்து இரண்டு இதழும் ஒன்றோடொன்று பொருந்தப் பிறப்பது. ‘வ’ என்பது மேற்பல்லும் கீழிதழும் இயையப் பிறப்பது. இரண்டையும் தொல்காப்பியரே வகுத்துச் சொல்லியிருக்கிறார். இக்குறளை மெதுவாக ஓதினால் முதல் ஆறு சீர்களிலும் இதழ்கள் ஒன்றையொன்று பற்றுகின்றன. ஏழாம் சீரில் அவை பொருந்துவதே இல்லை. இதே அதிகாரத்தின் முதற்குறளான 341-ஐ ஓதிப் பாருங்கள். அங்கும் சொற்கள் இரட்டித்து வருகின்றன. ஆனால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை இதழ் ஒட்டவே ஒட்டாது. நீங்கச் சொல்லும் பாட்டில் இதழ் நீங்குகிறது, பற்றச் சொல்லும் பாட்டில் பற்றுகிறது என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படிச் சொல்பவர்கள் 350-இன் கடைசிச் சீரையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் பொருந்தும்.

இந்த இடத்தில் சிறுமி கன்னடத்தைக் கொண்டுவந்தாள். ‘விடு’ என்பது எங்கள் ‘பிடு’தானே என்றாள். ஆம், தமிழின் மொழிமுதல் வகரம் கன்னடத்தில் பல சொற்களில் பகரமாக ஒலிக்கிறது. வழிவிடச் சொல்லி அல்சூர்க் கடைத்தெருவில் ‘தாரி பிடி’ என்று கூவுவதைத் தினமும் கேட்கிறோம். அதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் விடச் சொல்வது பிடிக்கச் சொல்வதுபோல் ஆகிவிடும். தமிழின் ‘பிடி’யோ கன்னடத்தில் ‘ஹிடி’. பால் ‘ஹாலு’ ஆனதும் புலி ‘ஹுலி’ ஆனதும் போல. நம் ‘பற்று’ பழங்கன்னடத்தில் ‘பத்து’ என்று ஒட்டிக்கொள்ளுதல் என்னும் பொருளில் வழங்கி, பின்னர் ‘ஹத்து’ ஆயிற்று. ஆகவே கன்னட எழுத்தில் குறளை எழுதி வைத்திருக்கும் அச்சிறுமி, அக்குறளின் இரண்டு வேர்ச்சொற்களையும் தன் பள்ளி மொழியிலேயே வைத்திருக்கிறாள். தமிழுக்கு வெகு தொலைவில் இருக்கிறாள் என்று நாம்தான் தவறாக எண்ணியிருந்தோம்.

அவளுக்குச் சர்வக்ஞரும் தெரியும். பாடப் புத்தகத்தில் இருக்கிறார். அவருடைய வசனங்கள் திரிபதி என்னும் யாப்பில் அமைந்தவை. பாதாமியில் உள்ள கப்பெ அரபட்டனின் கல்வெட்டிலேயே அந்த யாப்பைக் காணலாம்; அக்கல்வெட்டு ஏறத்தாழ 700-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திரிபதியில் பதினொரு கணம். முதலடியில் நான்கு, இரண்டாம் அடியில் நான்கு, மூன்றாம் அடியில் மூன்று. கணமும் சீரும் ஒன்றல்ல. அளக்கும் முறை வேறு. ஆயினும் நான்கு, நான்கு, மூன்று என்னும் எண்ணைப் பார்த்தவுடன் நான்கு, மூன்று என்னும் குறளின் எண் நினைவுக்கு வராமல் போகாது. இரண்டு யாப்பிலும் கடைசி அடி ஒன்று குறைந்து நிற்கிறது. குறைந்த இடத்தில் குரல் நிற்கிறது. கேட்டவன் சிந்திக்கத் தொடங்குகிறான்.

திரும்பக் கூறல் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. திரிபதியைப் பாடும்போது இரண்டாம் அடியை மறுபடி பாடுவது வழக்கம். மூன்றடி, காதுக்கு நான்கடிபோல் ஆகும். கர்நாடகத்துப் பெண்கள் திரிகை சுற்றும்போது பாடிய பாட்டுக்களும் இந்த யாப்பினவே. மீண்டும் பாடும் அடியில் கை ஒரு சுற்றுச் சுற்றும். பாடுகிறவள் அடுத்த அடியை நினைவுகூர்வாள். உடன் பாடுகிறவள் சேர்ந்துகொள்வாள். அந்தத் திரும்பல் பாட்டுக்கு வெளியே, பாடுவோர் கையில் இருக்கிறது; வேண்டுமானால் விட்டுவிடலாம். ‘சர்வக்ஞ’ என்ற பெயர் ஒவ்வொரு வசனத்தின் ஈற்றிலும் வருவதும் ஒரு திரும்பலே; அது முத்திரை. வள்ளுவரிடம் இவ்விரண்டும் இல்லை. அவர் தம் பெயரைப் பாட்டுக்குள் வைக்கவில்லை. அடியையும் மீண்டும் பாடச் சொல்லவில்லை. அவரிடம் திரும்பல் பாட்டின் உள்ளே, எண்ணிய ஏழு சீருக்குள் நடக்கிறது. ஒன்றை நீக்கினால் பாட்டு நிற்காது. “வள்ளுவர் ஏன் பெயர் போடவில்லை?” என்று அவள் கேட்டாள். பெயருக்கு ஒரு சீர் கொடுத்தால் ஆறு சீர்தானே மிஞ்சும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம்.

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பெஸ்கி பாதிரியார் 1730-இல் இலத்தீனிலும், போப் ஐயர் 1886-இல் ஆங்கிலத்திலும் குறளைப் பெயர்த்தார்கள். அதன் பின் எத்தனையோ மொழிகளில் எத்தனையோ பேர். இக்குறளை ஆங்கிலத்திலும் இந்தியிலும் நாமும் முயன்று பார்த்தோம். பொருள் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது. ஏவலுக்கும் பெயருக்கும் ஒரே சொல்லை வைப்பதும், சிறிது வளைத்தால், முடிந்தது. ஏழில் ஆறு என்ற கணக்கு மட்டும் வரவில்லை. ‘பற்று’ என்னும் சொல்லுக்கு முன்னும் பின்னும் துணைச்சொற்கள் வந்து கூட்டம் கூடிவிடுகின்றன. தமிழில் ஒரு சீர், வேர்ச்சொல்லையும் அதன் உருபையும் ஒரே மூச்சில் சுமக்கிறது. அதனால் ஆறு சீரிலும் அந்த வேர் முன்னே நின்று முட்டுகிறது. ஆகவே, வெளிமாநிலத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர்ப்பைக் கொடுத்துவிட்டால் போதும் என்று கருதும் அன்பர்களுக்கு, கருத்து அதில் கிடைக்கும், இக்குறள் கிடைக்காது என்று சொல்லிக்கொள்கிறோம். எழுத்துத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. கன்னட எழுத்திலோ தேவநாகரியிலோ எழுதி வைத்துக்கொண்டாலும் விரல் தட்டும்; இதழ் ஒட்டும்.

மூன்றாம் ஞாயிறு அவளுக்குக் கேள்வி என்னும் அதிகாரத்தின் முதற்குறளைக் கொடுத்தோம், எண் 411. அங்கே ‘செல்வம்’ என்னும் சொல் ஐந்து சீர்களில் வருகிறது. பொருள் அவ்வளவாக மாறாமல் ஒரே பொருளில் வருவதால், இதில் 350-இல் கண்ட முரண் இல்லை. ஒரு செல்வத்தை மற்றச் செல்வங்களுக்கு மேலே ஏற்றி வைக்கும் ஏணிபோல அமைந்திருக்கிறது. காதால் கேட்பதைப் புகழும் குறள் அது. ஆதலால் வானொலிக்காரர்களுக்கு மிகவும் வேண்டியது!

நாம் ஒன்றும் சொல்லவில்லை. நிரையில் தொடங்கும் சீர்கள் எவை என்று மட்டும் கண்டுபிடிக்கச் சொன்னோம். அவள் ஏரிக்கரைக் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே இரண்டு முறை ஓதினாள்.

“மூன்றாம் சீரும் ஏழாம் சீரும் மாமா. மற்ற ஐந்தும் நேர்.”

“அவ்விரண்டு சீரும் எந்தச் சொல்லில் தொடங்குகின்றன?”

புத்தகத்தைப் பார்த்தாள். மூன்றாம் சீர் ‘செவி’ என்று தொடங்குகிறது. ஏழாம் சீர் ‘தலை’. அவள் தன் காதையும் பின்பு தலையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு, மழையைப் பற்றிப் பாட்டி சொல்லிக்கொடுத்த ஒரு குறளிலும் ஒரே சொல் பல முறை வருகிறதே, அதில் நிரை எங்கே வரும் என்று கேட்டாள். அது 12-ஆம் குறள். அதை அடுத்த ஞாயிற்றுக்கு வைத்திருக்கிறோம்.